வரவு செலவு ஆப் தேடி ஒரு வருடம் அலைந்த அனுபவம்

2024 ஜூன் மாதம். மூத்தவளைக் கல்லூரியில் சேர்க்க 38,000 ரூபாய் கட்ட வேண்டிய நாள். என் வங்கிக் கணக்கில் 11,400 இருந்தது, வீட்டுக்காரர் கணக்கில் ஆறாயிரத்துச் சொச்சம். அதற்கு முந்தின மாதம்தான் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை ஓட்டலாக மாற்றுகிற இடத்தில் வயரிங் வேலை எடுத்து, அவர் கைக்கு ஒன்றரை லட்சம் வந்திருந்தது. அந்தப் பணம் எங்கே போனது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். பாதிக்குக்கூடக் கணக்குச் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலையில் மூன்று பவுன் சங்கிலியை வங்கியில் வைத்து 40,000 வாங்கிக் கட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது கழுத்தில் கை போய்ப் போய் வந்தது. அன்றைக்கு ராத்திரிதான் போனில் வரவு செலவு ஆப் தேட ஆரம்பித்தேன்.

நான் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர், சம்பளம் 18,500. வீடு கோட்டையூரில். வீட்டுக்காரருக்கு எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட். ஒரு மாதம் நாற்பதாயிரம் வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. என் அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார். புதுவயலில் ஒரு ரைஸ் மில் ஆபீஸில் 31 வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கணக்கே தொழிலாக இருந்த மனிதர் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு வருஷம் ஆப் ஆப்பாக மாற்றிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. யாராவது முன்னாலேயே இரண்டு விஷயம் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் போட்டது, வங்கியிலிருந்து வருகிற எஸ்எம்எஸ்ஸைத் தானே படித்துக் கணக்குப் போடும் வகை ஆப். நாம் ஒன்றும் டைப் செய்ய வேண்டாம் என்பதுதான் அதில் என்னை இழுத்தது. பள்ளி முடிந்து வந்து, சமையல் முடித்து, பேப்பர் திருத்தி, அதற்குமேல் யார் செலவு எழுதுவது? அனுமதி கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்தினேன். பத்து நிமிஷத்தில் மூன்று மாதக் கணக்கு கலர் கலராக வட்டப் படத்தில் வந்து நின்றது. ஏதோ பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஜூலை கடைசியில் அந்த ஆப் சொன்னது: இந்த மாத வருமானம் 81,500, செலவு 52,500, மிச்சம் 29,000. எனக்கு நம்பவே முடியவில்லை. போன மாதம் சங்கிலியை அடகு வைத்தவளுக்கு இந்த மாதம் 29,000 மிச்சமா என்று சந்தோஷப்பட்டு, பல நாளாகத் தள்ளிப்போட்டிருந்த வாஷிங் மெஷினை 17,500 கொடுத்து வாங்கிவிட்டேன்.

அந்த 81,500-இல் என் சம்பளம் 18,500, அவருடைய கூலி 18,000. மீதி 45,000 ஒரு பார்ட்டி வயரும் ஸ்விட்சும் வாங்கக் கொடுத்த அட்வான்ஸ். அவர் நம்பரில் ஜிபே கிடையாது, அதனால் எல்லாம் என் கணக்குக்குத்தான் வரும். அதில் 12,000-க்குத்தான் சாமான் எடுத்திருந்தார். இன்னும் 33,000 எலக்ட்ரிகல் கடைக்குப் போக வேண்டியது. அப்படிப் பார்த்தால் அந்த மாதம் எங்களுக்கு மிச்சம் எதுவுமே இல்லை, நாலாயிரம் பற்றாக்குறை. ஆப்பைப் பொறுத்தவரை கணக்கில் ஏறின பணம் எல்லாம் வருமானம்தான். அது யாருடைய பணம் என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவள் நான்.

ஆகஸ்டில் கடைக்காரர் பில் அனுப்பினார். கையில் இருந்தது 11,500. குறைந்தது 21,500. ஆவணி மாதம் என்பதால் மூன்று வீட்டு விசேஷம், மொய்க்கு 8,500 வேண்டும். அந்த நேரம் பார்த்து அதே ஆப்பில் ஒரு அறிவிப்பு: உங்களுக்கு 50,000 வரை கடன் தயார், இரண்டே நிமிஷம். என் மெசேஜைப் படிக்க நானே அனுமதி கொடுத்தவள். இருப்பு எவ்வளவு, எந்தத் தேதியில் இறங்குகிறது என்று அதில் எல்லாமே தெரியும். யாரிடமும் போய்க் கை நீட்ட வேண்டாம் என்ற ஒரே நினைப்பில் 30,000 எடுத்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

கைக்கு வந்தது 28,230. பரிசீலனைக் கட்டணம் 1,500, அதன்மேல் ஜிஎஸ்டி 270 பிடித்துக்கொண்டார்கள். மாதம் 2,895 வீதம் பன்னிரண்டு மாதம், மொத்தம் 34,740 கட்டினேன். கைக்கு வந்ததைவிட 6,510 ரூபாய் அதிகம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அந்தப் பணம் பிடிக்கப்படும்போது அவர் போனைப் பார்த்துவிடுவாரோ என்று பயந்த பயம் தனி. நாலாவது மாதம் நானே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "என்கிட்ட கேட்டிருந்தா கடைக்காரர்ட்ட பதினஞ்சு நாள் தவணை சொல்லியிருப்பேன்ல" என்றார். அது இன்னும் அதிகமாகச் சுட்டது.

இந்த இடத்தில் சிலது சொல்லிவிடுகிறேன். எஸ்எம்எஸ் படிக்கிற ஆப் எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. சம்பளம் மட்டுமே வருமானம், செலவெல்லாம் கார்டிலும் யுபிஐயிலும்தான் என்றால் அது ஓரளவு சரியாக வரும். அப்போதும், உங்கள் ஒரு கணக்கிலிருந்து உங்களுடைய இன்னொரு கணக்குக்கு மாற்றினதை அது செலவாகவும் வரவாகவும் இரண்டு தடவை எண்ணுகிறதா என்று பாருங்கள். கிரெடிட் கார்டில் வாங்கினதை ஒரு தடவை, கார்டு பில் கட்டினதை மறு தடவை செலவில் சேர்க்கிறதா என்று பாருங்கள். ஏடிஎம்மில் எடுத்த ஐயாயிரத்தை "ரொக்கம்" என்று ஒரே வரியில் போட்டுவிட்டுப் போய்விடும். எங்கள் ஊரில் மீன், காய்கறி, பூ, கொத்தனார் கூலி, கோயில் என்று பாதி வாழ்க்கை அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். வங்கி மெசேஜ் படிக்கிற ஆப்புக்கு ஓடிபி மெசேஜும் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். போன் செட்டிங்ஸில் ஆப் பெயரைத் தொட்டு, அனுமதிகளில் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தலாம். ஆப்பை அழித்துவிட்டால் மட்டும் போதாது. அவர்கள் சர்வரில் உங்கள் விவரம் அப்படியே இருக்கும். முதலில் ஆப்புக்குள் போய்க் கணக்கையே நீக்கச் சொல்லி, பிறகுதான் ஆப்பை அழிக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

கடன் பற்றி ஒன்று. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அதன்படி கையெழுத்துக்கு முன்னால் ஒரு முக்கிய விவரத் தாள் தர வேண்டும். கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வருகிறது என்று அதில் இருக்கும். வாங்கின பிறகு மனசு மாறினால், குறிப்பிட்ட சில நாளுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். எனக்கும் அந்தத் தாள் மின்னஞ்சலில் வந்திருந்தது. திறந்து பார்த்தது ஏழு மாதம் கழித்து. செலவைக் குறைக்க என்று போடுகிற ஆப்பில் கடன் பொத்தான் இருந்தால், அந்த ஆப்புக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அக்டோபரில் இரண்டாவது ஆப். ஏழு நாள் இலவசம், அப்புறம் வருஷச் சந்தா. அழகாக இருந்தது, ஆனால் எல்லாமே ஆங்கிலம். "டைனிங் அவுட்", "சப்ஸ்கிரிப்ஷன்ஸ்", "பெட்ஸ்" என்று தலைப்புகள். அரிசி மூட்டைக்கும் கேஸுக்கும் இடம் தேட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் பிடிக்காமல் அழித்துவிட்டேன். எட்டாம் நாள் 1,899 ரூபாய் கணக்கிலிருந்து போனது. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது என்பது எனக்குத் தெரியாது. பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதலும் சந்தாக்களும் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். யுபிஐ ஆப்பிலும், தானாகப் பணம் பிடிக்க நாம் அனுமதி கொடுத்தவை ஆட்டோபே என்று ஒரு பட்டியலில் இருக்கிறது, அதையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் அறிவிப்பு வரும். எனக்கும் வந்திருந்தது, ஸ்கூல் வாட்ஸப் குரூப் மெசேஜ்களுக்கு நடுவே கண்ணில் படவில்லை. பணம் போனதை நான் கவனித்ததே பத்து நாள் கழித்துத்தான். அதற்குள் திருப்பிக் கேட்கிற காலம் முடிந்துவிட்டது. இலவசச் சோதனை என்று எதைப் போட்டாலும், போட்ட அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலும் சோதனைக் காலம் முடியும்வரை அது ஓடத்தான் செய்யும்.

நடுவில் நல்லதும் ஒன்று கற்றேன். வீட்டுக்காரரின் அத்தை மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறார். தீபாவளிக்குப் போனில் பேசும்போது இந்தக் கதையைச் சொன்னேன். அங்கே லட்சக்கணக்கான பேர் மின்ட் என்ற இலவச ஆப்பைத்தான் வருஷக்கணக்காக நம்பியிருந்தார்களாம். 2024 மார்ச்சில் இன்ட்யூட் நிறுவனம் அதை மூடிவிட்டது. பழைய கணக்கை இறக்கி வைத்துக்கொள்ளாதவர்கள் பாடு திண்டாட்டம் என்றார். அவர் இப்போது ஒய்நேப் என்ற ஆப்பைப் பயன்படுத்துகிறார். வருஷத்துக்கு நூறு டாலருக்கு மேல். நம் ஊர் வங்கிகளோடு அது இணையாது, நமக்கு அந்த விலை தேவையும் இல்லை. ஆனால் அதன் முறை எனக்குப் பிடித்தது: இனிமேல் வரப்போகிற பணத்துக்குத் திட்டம் போடாதே, இன்றைக்குக் கையில் இருக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வேலை கொடு. மாதச் சம்பளம் இல்லாத வீட்டுக்கு இது ரொம்பப் பொருந்தும். கான்ட்ராக்ட் வேலையில் அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று யாருக்குத் தெரியும்? இதே மாதிரி உறை போட்டுப் பிரிக்கிற குட்பட்ஜெட் என்ற ஆப்பையும் காட்டினார். பால் ஒரு உறை, மளிகை ஒரு உறை, ஃபீஸ் ஒரு உறை. இலவசப் பதிப்பில் உறைகளுக்கு வரம்பு உண்டு, ஆனாலும் ஒரு குடும்பம் ஆரம்பிக்க அது போதும். அதில் இரண்டு வாரம் பழகினேன். செலவு செய்தபிறகு எழுதுவதற்கும், செய்வதற்கு முன்னால் உறையைத் திறந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் புரிந்தது. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு 2021-இலிருந்து நடக்கிற அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழியையும் ஒரு ஆப்பில் முயன்றேன். எஸ்எம்எஸ் படிக்காமல், நம் ஒப்புதலோடு வங்கியிலிருந்தே விவரம் வரும். ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். பாதுகாப்புக்கு அது மேல். எங்கள் கூட்டுறவு வங்கிக் கணக்கு அதில் வரவில்லை, ரொக்கம் எப்படியும் வராது. அதனால் விட்டுவிட்டேன்.

நவம்பரிலிருந்து நாலு மாதம் பயன்படுத்தின ஆப்தான் எனக்குப் பிடித்தது, அதுதான் என்னை ரொம்ப அழவைத்ததும். எல்லாம் நாமே எழுத வேண்டும். இணையமே வேண்டாம், விவரம் போனைவிட்டு வெளியே போகாது என்று போட்டிருந்தது. கடன் ஆப்பில் பட்ட சூட்டுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. தினமும் ராத்திரி பத்து நிமிஷம் எழுதினேன். அறுநூறு பதிவுக்கு மேல் சேர்ந்தது. அந்த நம்பிக்கையில் மொய்க் கணக்கையும் அதில் ஏற்றினேன்.

மொய் என்பது எங்கள் பக்கம் சாதாரண விஷயம் இல்லை. வீட்டுக்காரரின் சொந்தங்கள் கீரமங்கலம் பக்கம். அங்கேயும் வடகாடு, பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கிடா வெட்டிச் சாப்பாடு போட்டு, வருகிறவர்கள் செய்கிற மொய்யை நோட்டுப் போட்டு எழுதுவார்கள். வாங்கினவர் அடுத்து அவர்கள் விசேஷத்தில் அதோடு கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாத கடன் மாதிரிதான், பத்திரம் கிடையாது, நோட்டுதான் பத்திரம். 2022-இல் நாங்கள் வீடு குடிபுகுந்தபோது 143 பேர் மொய் செய்தார்கள். அது எங்களுக்கு வருமானமா? இல்லை. 143 வீட்டுக்கு நாங்கள் பட்டிருக்கிற கடன். எந்த ஆப்பைத் திறந்தாலும் மொய்க்கு இருந்த இடம் "கிஃப்ட்" என்ற ஒரு தலைப்புதான். வந்தால் வருமானம், போனால் செலவு. அப்படி எழுதினால் வாங்கின வருஷம் நாம் பணக்காரர், திருப்பிச் செய்கிற வருஷம் ஊதாரி என்றுதான் கணக்குக் காட்டும்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து 143 பெயரையும் தொகையையும் ஆப்பின் குறிப்புப் பகுதியில் ஏற்றினேன். ஏற்றி முடித்த நிம்மதியில், 2025 போகிக்கு வீட்டை ஒதுக்கும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்ட கட்டில் அந்த மொய் நோட்டும் போய்விட்டது. போனில்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். பிப்ரவரியில் மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும்போது போன் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. செக்காலை ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். போர்டு போய்விட்டது என்றார்கள், முயன்று பார்த்ததற்கு 1,200 வாங்கிக்கொண்டார்கள். புது போனில் அதே ஆப்பைப் போட்டால் பூஜ்யத்தில் திறந்தது. விவரம் போனைவிட்டு வெளியே போகாது என்றால், போனோடு அதுவும் போகும் என்று அர்த்தம். பேக்கப் என்று ஒரு பொத்தான் அதில் இருந்தது. நாலு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அதைத் தொடவில்லை.

வைகாசியில் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். அவர்கள் எங்களுக்கு எவ்வளவு செய்தார்கள் என்று ஞாபகம் இல்லை. 1,001 வைத்துவிட்டு வந்தோம். அவர்கள் எங்களுக்கு 3,001 செய்திருந்தார்கள். ஒரு வாரத்தில் சொல் சுற்றி வந்தது: "வீடு கட்டுனவுக, வாங்குனத மறந்துட்டாக." வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுவாரம் 2,500 ரூபாயும் தேன்குழல், அதிரசமும் எடுத்துக்கொண்டு நேரில் போய், நோட்டு தொலைந்துபோனதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தோம். அவர்கள் பெரிய மனசோடு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த வாசப்படியில் நின்ற ஐந்து நிமிஷத்தை நான் மறக்கவே மாட்டேன். இந்த அலைச்சலில் நேரடியாகக் கையைவிட்டுப் போனது 9,609 ரூபாய். கடன் 6,510, சந்தா 1,899, போன் 1,200. இந்த அவமானத்துக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்த அன்றைக்குத்தான் அப்பா என்னைக் கூப்பிட்டார். "என்னத்தா, கணக்கு எழுதுறியா, பட்டியல் எழுதுறியா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "அதுக்கு எவ்வளவு, இதுக்கு எவ்வளவுன்னு எழுதுனா பட்டியல். ஆரம்பத்துல இருந்தது இவ்வளவு, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, மிச்சம் இவ்வளவுன்னு போட்டு, அந்த மிச்சம் பெட்டில இருக்கான்னு எண்ணிப் பாத்தாத்தான் கணக்கு." நான் இதுவரை ஒரு மாதம்கூட இருப்பை எண்ணிப் பார்த்ததில்லை. எந்த ஆப்பும் என்னை எண்ணச் சொன்னதும் இல்லை.

அட்வான்ஸ் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது ஒரு சிக்கலாகவே தெரியவில்லை. "அந்தப் பார்ட்டி பேர்ல ஒரு பக்கம் போட்டு வரவு வை. சாமான் வாங்குறப்ப அதே பக்கத்துல பற்று எழுது. அந்தப் பக்கம் தீர்ற வரைக்கும் அது அவுக பணம். மில்லுல நெல்லுக்கு அட்வான்ஸ் வாங்குனா நம்ம வருமானத்துலயா வச்சோம்?" என்றார். மொய்க்கும் அதேதான், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி, வாங்கினது வரவு, செய்தது பற்று. குறிப்பேட்டில் அன்றன்றைக்கு நடந்ததை எழுதி, பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரித்து, முடிவில் ஐந்தொகை, அதாவது மொத்த இருப்புக் கணக்கு, போடுவது அவர் வாழ்நாள் பூராவும் செய்த வேலை. அவர் கணக்கு வைத்திருக்கிற இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் சேர்ந்து தொடங்கினது. கடல் தாண்டிக் கொடுக்கல் வாங்கல் செய்த ஊரில் ஆள்வாரியாகக் கணக்கு வைக்காமல் எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா மகன் லேப்டாப்பில் நூகேஷ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு இடத்தில் எழுதுகிற இரட்டைப் பதிவு முறை. சொத்து, கடன், சொந்த முதல், வருமானம், செலவு என்று ஐந்து தலைப்பு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது பேரேடுதானே! அஞ்சு தொகையும் அப்படியே இருக்கு" என்றார். 74 வயதில் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். எனக்கு அது கனமாக இருந்தது, சந்தையில் நின்றுகொண்டு லேப்டாப்பைத் திறக்க முடியாது. ஆனால் எந்த மாதிரி ஆப் வேண்டும் என்று அன்றைக்குத் தெளிந்துவிட்டது. கையில் இருந்தும் நம்முடையதாக இல்லாத பணத்துக்கு ஒரு இடம் வேண்டும்.

அதற்கப்புறம் ஆப்களைப் பார்த்த விதமே மாறிவிட்டது. நட்சத்திரம் எத்தனை, படம் அழகா என்றெல்லாம் பார்க்கவில்லை. ஜூன் மாதம் மூன்று ஆப்பைப் போட்டு, எங்கள் வீட்டில் நிஜமாக நடந்த ஐந்தே பதிவை மூன்றிலும் எழுதினேன். 25,000 அட்வான்ஸ் வந்தது. அதிலிருந்து 14,000-க்கு வயர் வாங்கினது. ஏடிஎம்மில் 5,000 எடுத்து அதில் 3,200 செலவானது. அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு 6,000 மாற்றினது. ஒரு வீட்டில் வாங்கியிருந்த 500 மொய்க்கு 1,001 திருப்பிச் செய்தது. இந்த மாதம் செலவு எவ்வளவு என்று ஆப்பைக் கேட்டால், சரியான பதில் ரொக்கச் செலவு 3,200, மொய்யில் கூடுதலாகச் செய்தது 501, ஆக 3,701. நாங்கள் கூடுதலாகச் செய்ததை அடுத்து அவர்கள் கணக்கில் ஏற்றிக்கொள்வார்கள் என்று அப்பா அந்த 501-ஐயும் செலவில் சேர்க்கக் கூடாது என்றார். அதில் எங்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. ஒரு ஆப் 18,000-க்கு மேல் செலவு காட்டியது. இன்னொன்று 25,000-ஐ வருமானத்தில் போட்டு என்னை மறுபடி பணக்காரியாக்கியது. ஒன்று மட்டும் சரியாக வந்தது. உங்கள் வீட்டில் நடக்கிற குழப்பமான ஐந்து பதிவை எடுத்து இப்படிச் செய்து பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. எந்த விமர்சன வீடியோவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

நான் இப்போது பயன்படுத்துவது ரியல்பைட் நிறுவனத்தின் மணி மேனேஜர். பேர் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன், உங்களுக்கும் இதுதான் சரி என்று இல்லை. இதில் வருமானம், செலவு தவிர, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துகிற மாற்றம் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. வேண்டுகிற பெயரில் கணக்கு திறக்கலாம். "பார்ட்டி அட்வான்ஸ்" ஒன்று, "மொய்" ஒன்று திறந்து, வருவதை அதில் கடனாகக் காட்டுகிறேன். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், எனக்கு அது தொந்தரவாக இல்லை. எக்ஸெல் கோப்பாக எடுக்க முடியும், அதுதான் எனக்கு முக்கியம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எக்ஸெல் எடுத்துக் கூகுள் டிரைவில் ஒன்று, மகள் மின்னஞ்சலுக்கு ஒன்று அனுப்பிவிடுகிறேன். மில்லில் குறிப்பேடு ஆபீஸில் இருக்கும், ஐந்தொகையின் பிரதி முதலாளி வீட்டில் இருக்கும் என்று அப்பா சொன்னதிலிருந்து வந்த பழக்கம். கணக்கை வெளியே எடுக்க விடாத ஆப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள், எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

வீட்டுக்காரர் ஆப் பக்கமே வர மாட்டார். அவரை மாற்றப் பார்த்து இரண்டு மாதம் சண்டை போட்டேன், பிறகு விட்டுவிட்டேன். இப்போது சைட்டிலிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்புகிறார். "டீ, வடை எழுவது. ஹெல்ப்பருக்கு எழுநூறு." நான் ராத்திரி கேட்டுக்கேட்டு எழுதுகிறேன். இரண்டு பேரும் ஆப்பில் எழுதுகிற வீடுதான் உருப்படும் என்று எங்கேயோ படித்துப் பயந்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. எழுத ஒரு ஆள், சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

மாதக் கடைசி ராத்திரி அப்பாவும் நானும் உட்கார்ந்து முடிப்போம். ஆப் காட்டுகிற இருப்பு ஒரு பக்கம், டப்பாவிலும் பர்ஸிலும் வங்கியிலும் உண்மையாக இருக்கிறது ஒரு பக்கம். முதல் மாதம் 4,300 உதைத்தது. என் மேலேயே கோபம் வந்தது. "விடுபட்டதுன்னு ஒரு தலைப்புல எழுதி மூடுத்தா, போனத துரத்தாத. அடுத்த மாசம் கொறையுதான்னு பாரு" என்றார் அப்பா. அடுத்த மாதம் 900. அப்புறம் 150. சரியாக வரவேண்டும் என்று முதல் மாதமே பிடிவாதம் பிடித்திருந்தால் இந்தத் தடவையும் விட்டிருப்பேன். ஆப் கடனின் கடைசித் தவணை 2025 ஆகஸ்டில் முடிந்தது. அந்த 2,895-ஐ அப்படியே சங்கிலி என்று ஒரு உறை போட்டு மாதாமாதம் ஒதுக்கி வருகிறேன்.

தொலைந்த மொய் நோட்டை அப்பா விடவில்லை. ஞாபகத்திலிருந்து ஒரு பட்டியல் போட்டு, கீரமங்கலம் சொந்தங்களுக்குப் போன் அடித்து, அவர்கள் வீட்டு நோட்டில் எங்களுக்குச் செய்தது எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு, 143-இல் 97 வீடு மீட்டிருக்கிறார். மீதி 46. தை பிறந்தால் ஏழு பத்திரிகை இருக்கிறது. மொய் உறையில் இன்றைக்கு 8,500 சேர்ந்திருக்கிறது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நாளைக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்களை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஏழில் இரண்டு வீட்டுத் தொகை இன்னும் தெரியவில்லை.